ஆண்கள் கல்லூரியில் ஒரே மாணவி: புதுக்கோட்டை முத்துலட்சுமி மருத்துவப் பட்டம் வாங்கியது எப்படி?

தமிழ்நாட்டில் பிரசவத்துக்குப் பதிவு செய்யப் போகும் பெண்களுக்குத் தெரிந்த பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் பிறந்த ஜூலை 30, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினம். தேவதாசி ஒழிப்பு, ஔவை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அவர் செய்த வேலைகளைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது ஒரு படிப்பு. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., எம்.பி.சி.எம்., அதற்கும் மேலே லண்டனில் சிறப்புப் பயிற்சி. இதில் ஒவ்வொன்றுக்கும் அவர் இரண்டு முறை பாடுபட வேண்டியிருந்தது. முதலில் அந்த இடத்துக்குள் நுழைவதற்கு, பிறகு தேறுவதற்கு. அந்தப் படிப்பின் கதையைப் பார்ப்போம்.

எந்த ஊர், எந்த வீடு?

முத்துலட்சுமி பிறந்தது 1886 ஜூலை 30-ஆம் தேதி, புதுக்கோட்டையில். இன்றைக்கு மாவட்டத் தலைநகராக இருக்கும் புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவின் சென்னை மாகாணத்துக்குள் அது சேராது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்ததும் அதே 1886-இல்தான்.

அப்பா நாராயணசாமி ஐயர். கல்வியாளர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மக்கள் இன்று மன்னர் கல்லூரி என்று சொல்லும் அதே கல்லூரிதான். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தக் கல்யாணத்துக்காக நாராயணசாமி ஐயரை அவருடைய சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். இரண்டு பக்கமும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளாத ஒரு வீட்டில்தான் முத்துலட்சுமி வளர்ந்தார். அவரோடு தம்பி, தங்கைகளும் இருந்தார்கள். வீட்டுக்கு மூத்த பெண் என்பதால் கல்யாணப் பேச்சும் சீக்கிரமே வந்தது.

வயசுக்கு வந்த பிறகு படிப்பு எப்படி நடந்தது?

அந்தக் காலத்தில் பெண் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் முடிந்தது. பெரிய வீடு, சின்ன வீடு என்ற வித்தியாசம் இதில் கிடையாது. முத்துலட்சுமியையும் அதே வயசில் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அம்மாவுக்குப் பெண்ணைச் சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை. அவருடைய நிலையில் இருந்து பார்த்தால் அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. இப்படி ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைவது லேசான காரியமில்லை.

அப்பா வேறு மாதிரி யோசித்தார். பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாதென்றால் பள்ளிக்கூடம் வீட்டுக்கு வரட்டும் என்று, தானே பாடம் நடத்த ஆரம்பித்தார். நாள் முழுக்கக் கல்லூரி, பள்ளி என்று வாழ்ந்த மனுஷர் என்பதால் பரீட்சைக்கு எப்படித் தயார் பண்ணுவது என்பது அவருக்கு அத்துப்படி.

மெட்ரிகுலேஷன் என்பது அப்போது சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய பொதுத்தேர்வு. இன்றைய பத்தாம் வகுப்பு என்று தோராயமாகச் சொல்லலாம். ஆனால் அதைத் தாண்டினால்தான் கல்லூரி வாசலையே மிதிக்க முடியும் என்பதால் அதற்குத் தனி மதிப்பு. பாடங்கள் ஆங்கிலத்தில். முத்துலட்சுமி 1902-இல் தனித்தேர்வராக அதை எழுதித் தேறினார். ஒரு வகுப்பறையிலும் உட்காராமல் வீட்டுக்குள் இருந்தே படித்த பெண், பையன்கள் எழுதிய அதே தாளை எழுதித் தேறியது ஊரில் பெரிய பேச்சானது.

கல்லூரியில் ஏன் சேர்க்க மறுத்தார்கள்?

பரீட்சை எழுத விதி தடையாக இல்லை. பக்கத்தில் உட்காரும்போதுதான் சிக்கல் வந்தது. புதுக்கோட்டையில் இருந்த ஒரே கல்லூரி மகாராஜா கல்லூரி, அது முழுக்க ஆண்கள் படித்த இடம். பெண்களுக்கென்று சென்னையிலேயே ராணி மேரி கல்லூரி வந்தது 1914-இல்தான். அதாவது முத்துலட்சுமி டாக்டராகி இரண்டு வருஷம் கழித்து.

அவருடைய விண்ணப்பம் வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். பெண்ணின் தாய்வழிப் பின்னணியையும் இழுத்தார்கள். தேர்வில் தேறினாரா இல்லையா என்பது பேச்சிலேயே வரவில்லை. எங்கே பிறந்தார் என்பதுதான் பேச்சானது.

முடிவு மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் கைக்குப் போனது. அவர் எதிர்ப்புகளை ஒதுக்கிவிட்டுச் சேர்க்கச் சொன்னார், உதவித்தொகையும் கொடுத்தார். கல்லூரியில் ஒரே பெண் முத்துலட்சுமி. மூடிய வண்டியில் போய் மூடிய வண்டியில் திரும்பினார். வகுப்பில் தனி இடம், மாணவர்கள் பார்வையிலிருந்து மறைக்கத் திரை. பக்கத்தில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்கவோ, நோட்டு வாங்கிப் பார்க்கவோ, சேர்ந்து படிக்கவோ வழி இல்லை. பரீட்சைக்குப் படித்த எவருக்கும் தெரியும், பாதிப் படிப்பு அப்படித்தான் நடக்கும். அந்தப் பாதி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இந்த நிலையிலேயே எஃப்.ஏ. தேறினார். அந்தக் காலத்து எஃப்.ஏ. இன்றைய பிளஸ் டூ மாதிரி. பட்டப்படிப்புக்கு முந்தைய இரண்டு வருஷம். அடுத்து என்ன என்ற கேள்விக்கு அவர் தேர்ந்தெடுத்த பதில் மருத்துவம்.

எம்.பி.சி.எம். என்றால் என்ன?

1907-இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1835-இல் தொடங்கிய கல்லூரி அது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே பொது மருத்துவமனையை ஒட்டி இருக்கிறது.

அப்போது எம்.பி.பி.எஸ். என்ற பெயர் இங்கே வழக்கத்தில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உயர்ந்த மருத்துவப் பட்டம் எம்.பி.சி.எம். மருத்துவத்தில் இளநிலை, அறுவை சிகிச்சையில் முதுநிலை என்பது அந்த எழுத்துகளுக்கு அர்த்தம். அதற்குக் கீழே எல்.எம்.எஸ். போன்ற தகுதிகளும் இருந்தன. பெண்கள் மருத்துவம் படித்தால் பிரசவம் பார்க்கும் அளவுக்குச் சின்னப் படிப்பு போதும் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், அவர் போனது மேல்படியில் இருந்த பட்டத்துக்கு.

இந்தப் படிப்பைப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேற முடியாது. உடற்கூறு படிக்கப் பிணத்தை அறுக்க வேண்டும். வார்டில் நோயாளியின் பக்கத்தில் நின்று நாடி பார்த்து, நெஞ்சில் வைத்துக் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்து என்ன நோய் என்று சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சையைக் கண்ணால் பார்த்து, கையால் செய்து பழக வேண்டும். எழுத்துத் தேர்வு ஒரு பக்கம், செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் இன்னொரு பக்கம். புதுக்கோட்டையில் திரைக்குப் பின்னால் பாடம் கேட்ட பெண்ணுக்கு இது வேறு உலகம். இங்கே மறைவு கிடையாது. எல்லோர் முன்னாலும் நின்று, தொட்டு, பதில் சொல்லியாக வேண்டும். ஆண்களே நிறைந்த வகுப்பு, வெள்ளைக்காரப் பேராசிரியர்கள், உடம்பும் அவ்வப்போது படுத்திய காலம்.

1912-இல் பட்டம் வாங்கினார். பரிசுகளும் பதக்கங்களும் வந்தன. பெண்களுக்குக் கை வராது என்று சொல்லப்பட்ட அறுவை சிகிச்சைப் பாடத்திலேயே முதலிடம். தொடர்ந்து எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார். அந்த வேலையில் சேர்ந்த முதல் பெண் அவர்.

இந்தியாவின் முதல் பெண் டாக்டர் இவர்தானா?

இல்லை. சமூக வலைத்தளங்களில் அடிக்கடி வரும் தவறு இது. மராட்டியத்தின் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றது 1886-இல், அதாவது முத்துலட்சுமி பிறந்த வருஷத்தில். வங்காளத்தின் காதம்பினி கங்குலி கல்கத்தாவில் படித்துத் தகுதி பெற்றதும் அதே வருஷம்தான்.

சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் பெண்கள் 1875-லேயே நுழைந்துவிட்டார்கள். ஆங்கிலேயப் பெண் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பேர் அப்போது சேர்ந்தார்கள். அவர்கள் படித்தது சான்றிதழ்ப் படிப்பு. அதனால் முத்துலட்சுமியைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற முன்னோடி இந்தியப் பெண்களில் ஒருவர் என்று சொல்வது சரியாக இருக்கும். அவருடைய பெருமைக்கு அதுவே போதும். இல்லாத பட்டத்தை ஒட்ட வேண்டிய தேவை இல்லை.

கல்யாணத்துக்கு என்ன நிபந்தனை?

படிக்கும் காலத்தில் சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட் போன்றவர்களின் பழக்கம் ஏற்பட்டது. பெண்கள் பொதுவாழ்வுக்கு வர வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேர் விட்டது. கல்யாணத்தில் அவருக்குப் பெரிய ஆசை இல்லை. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் பெரிய படிப்பு படித்த அறுவை சிகிச்சை நிபுணர். கல்யாணத்துக்கு முன்பே முத்துலட்சுமி ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சரிசமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி ஒத்துக்கொண்டார், சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். இரண்டு மகன்கள் பிறந்தார்கள், ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி.

சென்னையில் டாக்டராக நல்ல பேர், நல்ல வருமானம். அதோடு நின்றிருக்கலாம்.

நாற்பதை நெருங்கும்போது மறுபடி மாணவி ஆனது ஏன்?

1923-இல் தங்கை சுந்தரம்மாள் புற்றுநோயில் இறந்தார். முதலில் வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் நடந்தது. சரியான நோய் தெரியவந்தபோது நேரம் கடந்துவிட்டது. வீட்டில் இரண்டு டாக்டர்கள் இருந்தும் காப்பாற்ற முடியாமல் போனது. அந்தச் சாவு அவரை விடவே இல்லை. புற்றுநோய் பற்றி இங்கே போதுமான அறிவும் கிடையாது, கருவிகளும் கிடையாது என்பதை அவர் மிக அருகில் இருந்து பார்த்தார்.

1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய்களில் உயர் பயிற்சிக்காக இங்கிலாந்து போக அரசு உதவித்தொகை கிடைத்தது. கணவர், இரண்டு பையன்களோடு கப்பலேறினார். லண்டனில் செல்சி பெண்கள் மருத்துவமனையில் பயிற்சி. புற்றுநோய்ச் சிகிச்சை அங்கே எப்படி நடக்கிறது என்பதையும் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

பத்து வருஷத்துக்கும் மேலே டாக்டராக இருந்தவர், அம்மாவானவர், மறுபடி குறிப்பேட்டோடு வார்டில் நின்றார். சின்ன வயசுப் படிப்பில் ஊர் என்ன சொல்லும் என்பது பாரம். இந்த வயசுப் படிப்பில் வீடு, பிள்ளைகள், விட்டுவிட்டு வந்த வேலை எல்லாமே பாரம். வேலையில் இருந்துகொண்டே மேல்படிப்பு படிக்கும் இன்றைய பெண்களுக்கு இது சொல்லிப் புரிய வேண்டிய விஷயமில்லை.

ஊர் திரும்புவதற்கு முன், 1926-இல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் கலந்துகொண்டார்.

சட்டசபையில் ஒரு டாக்டருக்கு என்ன வேலை?

திரும்பி வந்ததும் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவைக்கு அவரை நியமிக்க வேண்டும் என்று மாதர் சங்கம் முன்வந்தது. முதலில் தயங்கினார். மருத்துவத் தொழில் பாதிக்கும் என்பது அவர் கவலை. கடைசியில் சம்மதித்தார். அங்கே உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவையில் அவர் பேசியதெல்லாம் டாக்டராகப் பார்த்ததிலிருந்து வந்தது. சின்ன வயசுக் கல்யாணம் பெண் குழந்தையின் உடம்பை என்ன செய்யும் என்பதை வார்டில் பார்த்தவர் என்பதால், திருமண வயதை உயர்த்தச் சொல்லி வாதாடினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை கேட்டார்.

தேவதாசி முறைக்கு எதிராக 1927-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. கோயில் பணிக்காகத் தேவதாசிகளுக்குக் கொடுத்திருந்த மானிய நிலத்தை அந்தப் பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கும் திருத்தச் சட்டம் 1929-இல் வந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-இல் கொண்டுவந்தார். எதிர்ப்பு பல பக்கமிருந்து வந்தது. சாஸ்திரம் பேசியவர்கள் எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்களும் எதிர்த்தார்கள். தங்கள் கலையும் பிழைப்பும் சொத்துரிமையும் போய்விடும் என்பது அவர்களுடைய பயம். அந்தப் பயத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அந்த மரபின் பாரத்தைத் தன் அம்மா வழியில் அறிந்த முத்துலட்சுமிக்கு, இனி ஒரு சிறுமியும் நேர்ந்துவிடப்படக் கூடாது என்பதே பெரிதாகப் பட்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் வெளியே அதே போராட்டத்தை நடத்தினார்கள். முழுத் தடைச் சட்டம் வந்தது 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில்.

அதற்கு வெகு முன்பே, 1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டுவிட்டார்.

ஔவை இல்லம் எதற்காக?

அந்த மசோதாவால் வீட்டை விட்டு வெளியே வந்த மூன்று தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். படிக்க வைக்கலாம் என்று விடுதி தேடினால், அவர்கள் பிறப்பைக் காரணம் காட்டிச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். சுமார் 25 வருஷத்துக்கு முன்பு மகாராஜா கல்லூரியில் தனக்குச் சொன்ன அதே காரணம். அப்போது முடிவை மாற்ற ஒரு மன்னர் இருந்தார். இந்தச் சிறுமிகளுக்கு அப்படி யாரும் இல்லை.

தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுதான் ஔவை இல்லத்தின் தொடக்கம். பிறகு அடையாறில் வளர்ந்து, ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு இருப்பிடமும் பள்ளிக்கூடமுமாக ஆனது. பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்ததோடு நிற்காமல், நர்ஸ், ஆசிரியை என்று சொந்தக் காலில் நிற்கும் படிப்பு கொடுப்பதில் அவர் குறியாக இருந்தார். ஒரு தகுதிச் சான்று கையில் இருந்தால் பெண்ணின் நிலை எப்படி மாறும் என்பது அவருக்குச் சொந்த அனுபவம். அவருடைய தங்கை நல்லமுத்து ராமமூர்த்தியும் படித்து முன்னேறி, பின்னாளில் ராணி மேரி கல்லூரியின் முதல்வரானார்.

தங்கைக்காகத் தொடங்கிய மருத்துவமனை

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. பழைய மாணவியாக அங்கே போன முத்துலட்சுமி, புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை வைத்தார். அப்போது புற்றுநோய் என்றால் சாவுதான், அதற்கு எதற்கு மருத்துவமனை என்று நினைத்தவர்கள் அதிகம். டாக்டர்களிலும் அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகும் பல வருஷம் நன்கொடை கேட்டு அலைந்தார். 1952-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய் நிபுணராகி அதை நடத்தினார். 1955-இல் சேர்ந்த டாக்டர் வி.சாந்தா வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தார். தங்கை இறந்து முப்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. தாமதமாகக் கண்டுபிடித்ததால் யாரும் சாகக் கூடாது என்பதற்காக அவர் அத்தனை காலம் காத்திருந்தார்.

1956-இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ஆம் தேதி, 82 வயதை எட்ட எட்டு நாள் இருக்கும்போது, சென்னையில் காலமானார்.

இன்றைக்கு இதில் நமக்கு என்ன?

முத்துலட்சுமியின் திறமையை மட்டும் வைத்து இந்தக் கதையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பாடம் சொல்லிக்கொடுத்த அப்பா, சேர்க்கச் சொன்ன மன்னர், வாக்கு தவறாத கணவர், லண்டனுக்கு அனுப்பிய உதவித்தொகை, இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் கதை நின்றுபோயிருக்கும். அந்தக் காலத்தில் அவரைப் போலவே புத்தியுள்ள பெண்கள் புதுக்கோட்டையில் இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு யாரும் வீட்டில் பாடம் நடத்தவில்லை, அதனால் அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. முத்துலட்சுமி இதை மறக்கவில்லை என்பதற்கு ஔவை இல்லம் சாட்சி.

புதுக்கோட்டையில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். டாக்டர் ஆக வேண்டும் என்றால் ஊரை விட்டுச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. அந்தக் கல்லூரி வகுப்பறையில் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அதற்கு இன்று யாரும் மன்னரிடம் உத்தரவு கேட்பதில்லை.